சாரக்கேஸ்: திருவனந்தபுரம், 1994

1994 நவம்பரில் எனக்குப் பதினெட்டு வயது. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மாமாவின் பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய் அங்கே கடை போட்ட தமிழர்கள் ஏராளம். மலையாளத்தில் வியாபாரம், தமிழில் கணக்கு. கடுகும் சீரகமும் மடித்துக் கொடுக்கப் பழைய பத்திரிகையைக் கிலோக் கணக்கில் வாங்குவோம். அந்த மாதம் அதற்குத் தட்டுப்பாடு வந்தது. படித்த தாளை யாரும் எடைக்குப் போடவில்லை. நேற்று வந்ததையும் இன்று வந்ததையும் சேர்த்துவைத்துக் கதை கோர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலையாளிகள் அதைச் 'சாரக்கேஸ்' என்றார்கள். சாரன் என்றால் ஒற்றன். தமிழ்ப் பத்திரிகைகள் இஸ்ரோ உளவு வழக்கு என்று எழுதின. நாங்களும் கடையில் சாரக்கேஸ் என்றேதான் சொன்னோம்.

இது எப்படித் தொடங்கியது என்று இன்று பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனிலிருந்து தொடங்குவார்கள். அவர் நடுவில் வந்தவர். தொடக்கம் ஒரு விசா.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் பரவியது. ஊரே காலியாகி ஓடிய செய்தி வந்தது. அயல்நாடுகள் இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. திருவனந்தபுரம் வந்திருந்த மறியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண் ஊர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். விசா முடிகிற நேரம். நீட்டித்துக் கேட்கக் காவல்துறை அலுவலகத்துக்கு அவரே போனார். அங்கிருந்த அதிகாரி ஒருவர் தன்னிடம் தவறாக நடக்க முயன்றதாகவும், தான் இடம் கொடுக்காததால்தான் எல்லாம் வந்தது என்றும் மறியம் பின்னாளில் சொன்னார். அக்டோபர் 20 அன்று விசா காலம் கடந்து தங்கியதாக அவரைக் கைது செய்தார்கள்.

இந்த இடத்தில் நின்று பார்த்தால் இது ஒரு அபராதம் கட்டி விமானம் ஏற்றிவிடுகிற வழக்கு. திருவனந்தபுரத்துக்கும் மாலேக்கும் ஆஸ்பத்திரி வழியாகவும் பள்ளிக்கூடம் வழியாகவும் எப்போதும் போக்குவரத்து உண்டு. வைத்தியம் பார்க்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் வரும் மாலத்தீவுக்காரர்களை எங்கள் கடையிலேயே வாரம் ஒருவரையாவது பார்ப்போம்.

ஆனால் விடுதியிலிருந்து மறியம் போட்ட தொலைபேசி அழைப்புகளைப் பார்த்தபோது அதில் ஓர் எண் சசிகுமாரன் என்ற இஸ்ரோ விஞ்ஞானியின் எண்ணாக இருந்தது. காரணம் சப்பென்றது. மறியமும் அவர் தோழி பவுசியா ஹசனும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திரசேகர் என்பவரோடு பழக்கமானார்கள். அவர் கிளாவ்கோஸ்மோஸ் என்ற ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதி. அவருக்குச் சசிகுமாரனைத் தெரியும். சசிகுமாரனின் மனைவி டாக்டர். உடம்புக்கு முடியாத வெளிநாட்டுப் பெண்ணை ஒரு டாக்டர் வீட்டோடு பழக்கப்படுத்தினார்கள். பவுசியாவின் மகளுக்குப் பெங்களூரில் பள்ளியில் இடம் வாங்க அங்கே ஒப்பந்த வேலை செய்கிற ஒருவர் உதவினார். அவரும் குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்தார்.

நம் ஊரில் யார் வாழ்க்கையை எடுத்து இப்படிக் கோடு போட்டாலும் நாலாவது கோட்டில் ஒரு பெரிய ஆள் வந்துவிடுவார். என் மாமாவுக்குச் சரக்கு தருகிறவரின் மைத்துனர் மகேந்திரகிரியில் இஸ்ரோ வேலையில் இருந்தார். மாமாவிடம் மாலத்தீவுக்காரர்கள் அரிசி வாங்கினார்கள். அந்தக் கணக்கில் எங்கள் கடையும் சதிதான்.

மறியமிடம் ஒரு நாட்குறிப்பு இருந்தது. மாலத்தீவின் திவேஹி மொழியில், தானா எழுத்தில். பிடித்தவர்கள் யாருக்கும் அது படிக்கத் தெரியாது. புரியாத எழுத்தைப் பார்த்தால் மந்திரத் தகடு என்று நினைக்கிற புத்தி நமக்குப் பழக்கம்தான். அதே புத்தி ஸ்டேஷனிலும் வேலை செய்ததாக நினைக்கிறேன்.

நவம்பர் 13 அன்று இரண்டாவது வழக்கு, அரசாங்க ரகசியச் சட்டத்தில். பவுசியா கைது. நவம்பர் 21 அன்று சசிகுமாரன். நவம்பர் 30 அன்று நம்பி நாராயணன். மறியமும் பவுசியாவும் நடுவிலிருந்து ராக்கெட் வரைபடங்களைப் பாகிஸ்தானுக்குக் கடத்தினார்கள், விஞ்ஞானிகள் பணத்துக்கும் பெண்ணுக்கும் விலைபோனார்கள் என்பது கதை.

எங்கள் பக்கத்தில் பேயோட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. தலைமுடியைப் பிடித்து வேப்பிலையால் அடித்து, 'நீ யாரு, எந்த ஊரு, பேரைச் சொல்லு' என்று கேட்பார்கள். பேர் வரும்வரை அடி நிற்காது. கடைசியில் அந்தப் பெண் கிணற்றில் விழுந்து செத்த யாரோ ஒருத்தியின் பேரைச் சொல்வாள். உடனே கூட்டம், 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்' என்று திருப்தியாகும். பேர் கிடைத்தது அடியால் என்பதை அந்த நேரம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் பத்தொன்பது பேரைச் சூனியக்காரர்கள் என்று தூக்கில் போட்டதும் இதே முறையில்தான். ஒப்புக்கொண்டு இன்னொருவர் பேரைச் சொன்னவர்கள் பிழைத்தார்கள், நான் இல்லை என்று நின்றவர்கள் தொங்கினார்கள். நம்பி நாராயணனிடமும் பேர்தான் கேட்டார்கள். மணிக்கணக்கில் நிற்கவைத்ததையும் அடித்ததையும் மயங்கி விழுந்ததையும் அவர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஐம்பது நாள் உள்ளே இருந்தார்.

சரி, விற்றதாகச் சொன்ன பொருள் என்ன? இதுதான் எனக்கு இன்றும் ஆறாத இடம். ஏனென்றால் இந்தக் கேள்வியை 1994 நவம்பரிலேயே, எந்த விசாரணையும் இல்லாமல், ஒரு பள்ளிக்கூட வாத்தியார்கூடக் கேட்டிருக்கலாம்.

நம்பி நாராயணன் கிரையோஜெனிக் திட்டத்தின் இயக்குநர். கிரையோஜெனிக் என்றால் கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருள். ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியிலும் ஆக்ஸிஜனை மைனஸ் 183 டிகிரியிலும் திரவமாக வைத்து, பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான டிகிரி நெருப்பை எரிய வைக்க வேண்டும். இந்த நுட்பத்தை வாங்கத்தான் 1991இல் கிளாவ்கோஸ்மோஸோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. 1992 மே மாதத்தில் அமெரிக்கா இஸ்ரோவுக்கும் கிளாவ்கோஸ்மோஸுக்கும் தடை போட்டது. 1993 ஜூலையில் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் வேண்டுமானால் தருகிறோம், செய்யும் நுட்பம் கிடையாது என்றது. ஆக, 1994இல் இந்தியாவிடம் கிரையோஜெனிக் நுட்பமே இல்லை. சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5இல். இல்லாத மாட்டின் பாலைக் கறந்து விற்றதாக வழக்கு.

அப்படியானால் இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட் எஞ்சினான விகாஸ்? அது இருந்தது. ஆனால் அது வந்த கதையைப் பார்க்க வேண்டும். 1974இல் பிரான்ஸ் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் ஆகி, நம்பி நாராயணன் தலைமையில் இஸ்ரோ ஆட்கள் பிரான்ஸில் வெர்னோன் என்ற ஊரில் பல ஆண்டுகள் தங்கி வைக்கிங் எஞ்சினில் வேலை கற்றார்கள். வரைபடம் முழுக்கக் கையில் இருந்தும், சொல்லித்தர ஆள் இருந்தும், அதன் இந்திய வடிவமான விகாஸை இங்கே செய்து அங்கே கொண்டுபோய் எரித்துப் பார்க்க 1985 ஆனது. பதினோரு ஆண்டு. காகிதத்தைச் சூட்கேஸில் வைத்துக் கடத்தினால் பக்கத்து நாடு ராக்கெட் விட்டுவிடும் என்று நம்பியவர்கள், ஒரு மாவரைக்கும் மிஷினைக்கூடப் பிரித்துப் பூட்டிப் பார்த்திராதவர்கள்.

இன்னொன்று. விகாஸ் எஞ்சின் பொருத்திய பிஎஸ்எல்வி ராக்கெட் முதல்முறை வெற்றியாகப் பறந்தது 1994 அக்டோபர் 15. மறியம் கைதானது அக்டோபர் 20. ஐந்தே நாள். அந்த வெற்றியைக் கொண்டாடிய பத்திரிகைத் தாளில் நாங்கள் மிளகு மடித்துக் கொடுத்திருப்போம். அது யார் நினைவிலும் தங்கவில்லை.

இதில் அமெரிக்க உளவுத்துறையின் கை இருந்தது என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. தடையும் வழக்கும் அடுத்தடுத்து வந்ததால் எழுந்த சந்தேகம் அது. எந்த நீதிமன்றத்திலும் நிலைநாட்டப்பட்டதாகத் தெரியாத ஒன்றை நான் இங்கே சேர்க்க விரும்பவில்லை. ஆதாரமில்லாமல் கோடு போட்டதைப் பற்றித்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக் கை தேவையும் படவில்லை. உள்ளூரிலேயே இந்தப் பயத்தை வாங்க ஆள் இருந்தது. முதலமைச்சர் கே. கருணாகரன். காங்கிரஸுக்குள் அவர் அணி ஒன்று, ஏ.கே. அந்தோணியை முன்னிறுத்திய அணி ஒன்று. கருணாகரனுக்கு வேண்டியவராக அறியப்பட்ட காவல்துறை ஐ.ஜி. ரமண் ஸ்ரீவாஸ்தவாவின் பேர் வழக்குக்குள் இழுக்கப்பட்டது. விஞ்ஞானியைப் பிடித்தபோது அது ஒரு பரபரப்பு. ஐ.ஜி. பேர் வந்ததும் அரசியலாகிவிட்டது. உளவாளியைக் காப்பாற்றுகிற முதல்வர் என்று எதிர்க்கட்சி தெருவில் கத்தியது, சொந்தக் கட்சியின் எதிர் அணி தில்லியில் கத்தியது. 1995 மார்ச் 16 அன்று கருணாகரன் பதவி விலகினார். மார்ச் 22 அன்று அந்தோணி முதல்வர் ஆனார்.

கருணாகரனுக்காக இரங்க எனக்குச் சிரமமாக இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் உள்துறை அவர் கையில் இருந்தபோதுதான் கக்கயம் முகாமில் ராஜன் என்ற பொறியியல் மாணவர் போலீஸ் பிடியில் செத்தார். நக்சலைட் பயம் அன்றைக்கு. அந்த வழக்கினால் 1977இல் ஒரு மாதத்தில் முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கியவர் அவர். அதே மனிதர் 1995இல் வேறொரு பயத்தால் மறுபடி இறங்கினார். முதல் முறை இறங்க நியாயம் இருந்தது, இரண்டாம் முறை இல்லை.

கடையில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம்பி நாராயணன் நாகர்கோவில்காரர், 1941இல் பிறந்தவர், அங்கேயே பள்ளி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி, பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டன். இதெல்லாம் கைதான அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. வாடிக்கையாகச் சாமான் வாங்க வரும் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, 'என்ன அண்ணாச்சி, ராக்கெட்டையும் எடை போட்டு வித்துட்டீங்களா உங்க ஆளுங்க' என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். மாமா தராசைப் பார்த்தபடியே, 'அவரு யாருன்னே எங்களுக்குத் தெரியாது சாரே' என்றார். தெரியாது என்பது உண்மை. ஆனால் அவர் சொன்ன தோரணை அந்த உண்மையைச் சொல்லவில்லை. எங்களை விட்டுவிடுங்கள் என்று சொன்னது.

மகேந்திரகிரியில் மைத்துனர் வேலை செய்கிறார் என்று பெருமை பேசும் அந்தச் சரக்குக்காரர், பிறகு ஒரு வருடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் சனிக்கிழமை ஊர் திரும்பும்போது எல்லை ஊரான களியக்காவிளை தாண்டும்வரை யாரும் சாரக்கேஸ் பற்றித் தமிழில் பேசமாட்டார்கள். தாண்டினதும் ஆரம்பிக்கும். ஆரம்பித்தால், அவரைக் காப்பாற்றியா பேசினார்கள்? 'நெருப்பில்லாம புகையுமா?' என்றார்கள். நானும் சொன்னேன். மறியம் ரஷீதாவின் படம் போட்ட தாளை மடிக்காமல் தனியே எடுத்துவைத்துப் பார்த்தவன் நான். பதினெட்டு வயது என்பதைச் சாக்காகச் சொல்லலாம், பெரியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

பத்திரிகைகள் எழுதியதில் வழக்கைவிடப் படுக்கையறை அதிகம். இரண்டு அந்நியப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், துணையில்லாமல் விடுதியில் தங்கியவர்கள். எழுதுகிறவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ராக்கெட் என்பது யாருக்கும் புரியாத விஷயம். பெண் என்பது எல்லோரும் தங்களுக்குப் புரியும் என்று நினைத்துக்கொள்கிற விஷயம். புரியாததைப் புரிந்ததோடு ஒட்டவைத்ததும் பரபரவென்று ஓடியது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிசம்பர் முதல் வாரத்திலேயே வழக்கு சிபிஐ கைக்குப் போனது. ஆவணம் ஏதும் கைமாறியதற்குச் சான்றில்லை, பணம் இல்லை, குற்றச்சாட்டுகள் பொய் என்று 1996இல் எர்ணாகுளம் நீதிமன்றத்தில் அறிக்கை வைத்தார்கள். மே 2 அன்று நீதிமன்றம் அதை ஏற்று எல்லோரையும் விடுவித்தது. இதோடு முடிந்திருக்க வேண்டும். அந்த மாதமே ஆட்சி மாறி, இடது முன்னணி வந்தது. ஜூன் மாதத்தில் புதிய அரசு சிபிஐக்குத் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்று, மாநிலப் போலீஸ் மறுபடி விசாரிக்கும் என்றது. காங்கிரஸின் ஓர் அணி மூட்டிய அடுப்பில் மார்க்சிஸ்ட் கட்சி உலை வைத்தது. 1998 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுவிசாரணையை ரத்து செய்து, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தலா ஒரு லட்ச ரூபாய் தரச் சொன்னது.

மறியமும் பவுசியாவும் இந்தக் காலத்தில் பெரும்பகுதி சிறையில். மூன்று ஆண்டுக்கு மேல். விஞ்ஞானிகளுக்குச் சில வாரங்களில் ஜாமீன் கிடைத்தது. உளவு இல்லை என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தப் பெண்களை வெவ்வேறு காரணம் சொல்லி வைத்திருந்தார்கள்.

நம்பி நாராயணன் விடவில்லை. 2001இல் தேசிய மனித உரிமை ஆணையம் பத்து லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. அது அவர் கைக்கு வரவே இன்னொரு பத்தாண்டும் உயர் நீதிமன்றமும் தேவைப்பட்டன. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், அவரைக் கைது செய்தது தேவையில்லாதது, அவர் கொடுமைக்கு ஆளானார் என்று சொல்லி ஐம்பது லட்சம் தரவும், அதிகாரிகளின் பங்கைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. 2019இல் பத்ம பூஷண். 2020இல் கேரள அரசு மேலும் ஒரு கோடியே முப்பது லட்சம் கொடுத்தது. ஜெயின் குழு அறிக்கையை வைத்து 2021இல் சிபிஐ விசாரணை தொடங்கி, 2024இல் ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஐந்து பேர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. அவர்கள் குற்றவாளிகளா என்று தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். பத்திரிகையைப் பார்த்து ஒரு முறை தீர்ப்பு சொன்ன அனுபவம் எனக்குப் போதும்.

ஒவ்வொரு தொகையும் ஒவ்வொரு பட்டமும் வந்தபோது எங்கள் ஊரில் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. 'யாருன்னே தெரியாது' என்பது 'நம்ம நாகர்கோவில்காரரு' ஆனது. சந்திரசேகர் அதைப் பார்க்க இருக்கவில்லை. 2018 தீர்ப்பு வந்த அதே நாள் காலையில் நினைவிழந்தவர், இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தார். பெங்களூர் ஒப்பந்ததாரரும் அந்த ஆண்டே இறந்தார்.

தீர்ப்பு வந்த வாரம் நான் சாலைக் கம்போளத்தில் இருந்தேன். மாமா இல்லை, கடையை அவர் மகன் நடத்துகிறான். அப்போது பத்திரிகைத் தாளில் மடிப்பது நின்று, எல்லாம் பிளாஸ்டிக் கவர் ஆகியிருந்தது. மேலே மாட்டியிருந்த டிவியில் நம்பி நாராயணன் வெள்ளைத் தாடியோடு பேசிக்கொண்டிருந்தார். ராக்கெட்டை எடை போட்டது பற்றிக் கேட்ட அந்தப் பெரியவர், இப்போது ரொம்பத் தளர்ந்து, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டிவியைப் பார்த்து, 'பாவம் மனுஷன். என்ன பாடு படுத்திட்டாங்க' என்றார். மனசாரத்தான் சொன்னார். அரைக் கிலோ துவரம்பருப்பும் கால் கிலோ வத்தல் மிளகாயும் வாங்கினார். காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, என் பக்கம் குனிந்து கேட்டார்.

'ஆனா அந்த மாலத்தீவுக்காரி? அவ எதுக்கு இங்க வந்தா?'

'விமானம் ஓடலை, அதான் தங்கிட்டா' என்றேன்.

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, 'ம்' என்று இழுத்தார். பேரன் பையைத் தூக்கிக்கொண்டான்.